மீட்டர் 11 காட்டியது, மரம் ஈரமாக இருந்தது

சொந்தமாக ஒரு மேசை செய்து பார்க்கலாம் என்று முதல்முறையாகப் பலகை வாங்கப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். கடையில் ஈரமானியை வைத்து அளந்து காட்டிவிட்டால் நம்பிவிடாதீர்கள். நான் நம்பினேன். இரண்டு மாத ஞாயிற்றுக்கிழமைகளும் ஒரு மேசைப் பலகையும் போயின.

விற்றவர் பேச்சில் குறையே சொல்ல முடியாது. "நல்லா காய்ஞ்ச தேக்கு தம்பி, வைரம் பாய்ஞ்சது, ரெண்டு வருஷமா அடுக்கி வச்சிருக்கேன்" என்றார். நான் சந்தேகத்தோடு பார்ப்பதைக் கண்டதும், கேட்காமலேயே ஒரு சின்ன மீட்டரை எடுத்து, அதன் இரண்டு ஊசிகளையும் மேலே இருந்த பலகையில் குத்தினார். 11 சதவீதம். வீட்டுக்குள் வைக்கும் சாமான்களுக்கு 8 முதல் 12 சதவீத ஈரம் இருந்தால் நல்லது என்று எங்கோ படித்திருந்தேன். அரைகுறை அறிவு இருந்தால் ஏமாற்றுவது இன்னும் சுலபம் போலிருக்கிறது. எண்ணைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டேன்.

அந்த மீட்டர் பொய் சொல்லவில்லை. அதுதான் இதில் எரிச்சலான விஷயம். ஊசி ஐந்தாறு மில்லிமீட்டர்தான் உள்ளே போகும். பலகையின் கனமோ 45 மில்லிமீட்டர். வெயிலில் சில நாள் போட்டு எடுத்தால் மேல்தோல் நன்றாகக் காய்ந்துவிடும், நடுவில் ஈரம் அப்படியே நிற்கும். காற்றில் உலர்த்தும் மரத்துக்கு அங்குலக் கனத்துக்கு ஒரு வருடம் என்று தச்சர்கள் ஒரு கணக்கு வைத்திருப்பார்கள். துல்லியமான கணக்கு அல்ல, மரத்துக்கு மரம் மாறும். ஆனாலும் ஏறக்குறைய இரண்டு அங்குலப் பலகை எவ்வளவு பொறுமை கேட்கும் என்பது அதிலிருந்து புரியும்.

வீட்டுக்குக் கொண்டுவந்து இழைக்க ஆரம்பித்தேன். 32 மில்லிமீட்டருக்குக் கொண்டுவர வேண்டும். ஒரு பக்கம் பார்க்க அழகாக இருந்ததால் அதைத் தொடாமல், மறுபக்கத்திலேயே பெரும்பகுதியை எடுத்தேன். இழைப்புளியில் வந்த சுருள் கொஞ்சம் சில்லென்று இருந்தது. காய்ந்த மரத்தின் சுருள் கையில் கசக்கினால் மொறுமொறுவென்று இருக்கும், இது துவண்டது. அப்போதே நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தவில்லை. ஒரு வாரத்தில், இழைத்த பக்கம் உள்ளே குழிந்து பலகைகள் தாம்பாளம் போல வளைந்துவிட்டன. புதிதாக வெளியே வந்த ஈரமான பக்கம் காய்ந்து சுருங்கியது, ஏற்கெனவே காய்ந்திருந்த பக்கம் அசையவில்லை. அவ்வளவுதான் காரணம். நான் என்ன செய்தேன்? வளைவை மறுபடி இழைத்துச் சமமாக்கி, நான்கு பலகைகளையும் பசை போட்டு ஒட்டி, 90 சென்டிமீட்டர் அகலத்தில் மேசை மேல் பலகை ஆக்கிவிட்டேன்.

இன்னொரு சங்கதியும் அப்போதே தெரிந்தது. வைரம் (மரத்தின் முற்றிய நடுப்பகுதி) என்று சொன்ன பலகைகளில் இரண்டின் ஓரம் வெறும் வெளிறு, அதாவது பட்டைக்கு உள்ளே இருக்கும் முற்றாத வெளிப்பகுதி. தேக்கின் வைரம் பொன்பழுப்பு, வெளிறு வெளுத்த மஞ்சள், பார்த்தாலே தெரியும். தெரியாதபடி மேலே பழுப்புச் சாயம் பூசியிருந்தார்கள். இழைத்ததும் ஒரு கை அகலத்துக்கு வெள்ளையாக வந்தது. கடையிலேயே ஒரு துணியில் தின்னரை நனைத்துத் துடைத்திருந்தால் சாயம் துணியில் ஒட்டியிருக்கும். குறுக்கு வெட்டைப் பார்த்திருந்தாலும் போதும், ஆனால் அந்த முனைகளில் கெட்டியாகப் பெயின்ட் அடித்திருந்தது. முனையில் பெயின்டோ மெழுகோ பூசுவது தவறில்லை. முனை வேகமாகக் காய்ந்து வெடிக்காமல் இருக்க நல்ல வியாபாரிகளும் அதைச் செய்வார்கள். அதனால்தான் எனக்கும் உறுத்தவில்லை. ஒரு விரற்கடை அறுத்துக் காட்டச் சொல்லியிருக்க வேண்டும்.

வெளிறைப் பற்றி ஏன் இவ்வளவு பேசுகிறேன் என்றால், அதில் மாவுச்சத்து இருக்கும், அதைத் தின்ன வரும் வண்டுகள் உண்டு. நான்காம் மாதம் மேசைக்கு அடியில் முகப்பவுடர் போல மெல்லிய தூள். பலகையின் அடிப்பக்கம் குண்டூசித் தலை அளவுக்கு ஓட்டைகள். அடிப்பக்கத்துக்கு வார்னிஷ் அடிக்கவில்லை, யார் பார்க்கப்போகிறார்கள் என்று விட்டிருந்தேன். இந்த வண்டு மெருகு பூசாத மரத்தின் நுண்துளைகளில்தான் முட்டையிடும். கடையிலிருந்தே உள்ளே வந்ததா, என் சோம்பலால் வந்ததா என்று இனி பிரித்துச் சொல்ல முடியாது.

சரி, விரிசலுக்கு வருகிறேன். மேல் பலகையைச் சட்டத்தோடு இரண்டு ஓரங்களிலும் திருகு போட்டு இறுக்கியிருந்தேன். மரம் நீளவாக்கில் சுருங்குவது மிகக் குறைவு, அகலவாக்கில்தான் சுருங்கும். அதனால் அகலத்துக்குக் குறுக்கே ஓடும் சட்டம் அப்படியே நிற்கும், மேல் பலகை மட்டும் உள்ளே இழுக்கும். தேக்கு சுருக்கம் குறைந்த மரம் என்று பெயர் பெற்றது. அதுகூட முழு ஈரத்திலிருந்து எலும்பாகக் காயும்போது ஆண்டு வளையங்களை ஒட்டிய திசையில் 5.8 சதவீதம் சுருங்கும். சுருக்கம் ஏறக்குறைய 30 சதவீத ஈரத்துக்குக் கீழேதான் தொடங்கும். என் பலகை 21-லிருந்து (பிறகு அளந்து பார்த்தது) 11-க்கு இறங்கியது என்று வைத்தால், அந்த 30-ல் மூன்றில் ஒரு பங்கு, 90 சென்டிமீட்டரில் 17 மில்லிமீட்டர் போகும். இரண்டு பக்கமும் திருகு பிடித்துக்கொண்டிருந்தால் எங்கே போவது? ஒரு நாள் இரவு பட்டென்று சத்தம். காலையில் நடுவில் ஆறு மில்லிமீட்டர் பிளவு.

இதில் என் தவறும் இருக்கிறது, மறைக்கவில்லை. நன்றாகக் காய்ந்த மரமே மழைக்கும் வெயிலுக்கும் கொஞ்சம் விரிந்து சுருங்கும். நடுவில் மட்டும் இறுக்கிவிட்டு, ஓரத்துத் திருகுகளுக்குப் பலகையின் அகலவாக்கில் நீண்ட துளை போட்டு நகர இடம் விட வேண்டும். அதைச் செய்திருந்தால் பிளவு வந்திருக்காது, மேசை குறுகியிருக்கும், அவ்வளவே.

தொலைபேசியில் அழைத்தபோது விற்றவர் சிரித்தார். "மரம்னா அப்படித்தான் தம்பி, மூச்சு விடும்." நீங்கள்தான் 11 காட்டினீர்கள் என்றேன். "உங்க கண் முன்னாடிதானே காட்டினேன்?" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

அதன் பிறகுதான் மீதமிருந்த பலகையை முறையாகச் சோதித்தேன். முனை எப்போதும் சீக்கிரம் காய்ந்திருக்கும், அதனால் முனையிலிருந்து ஒரு முழம் தள்ளி ஒரு விரல் கனத்துக்கு ஒரு துண்டு அறுத்தேன். உடனே சமையல் தராசில் நிறுத்தேன்: 146 கிராம். சமையலறை மின் ஓவனில் 103 டிகிரியில் வைத்து, சில மணி நேரத்துக்கு ஒருமுறை எடை பார்த்து, எடை இனி குறையாது என்று ஆனதும் நிறுத்தினேன்: 120 கிராம். போன தண்ணீர் 26 கிராம், அதை 120-ஆல் வகுத்தால் 21.7 சதவீதம். (ஓவனைப் போட்டுவிட்டு வெளியே போய்விடாதீர்கள். சூட்டை ஏற்றினால் மரம் கருகும், கணக்கும் போகும்.) புதிதாக அறுத்த முகத்தின் நடுவில் மீட்டரைக் குத்தினால் 26 காட்டியது. அதே பலகையின் மேல்தோலில் 12.

கன அளவிலும் கைவைத்திருந்தார் என்பது அப்புறம்தான் தெரிந்தது. நீளம் அடியில், அகலமும் கனமும் அங்குலத்தில் போட்டுப் பெருக்கி 144-ஆல் வகுத்தால் கன அடி. பில்லில் கனம் இரண்டு அங்குலம். என் அளவுகோலில் ஒன்றே முக்கால். எட்டில் ஒரு பங்கு மரத்துக்கு, இல்லாத மரத்துக்கு, காசு கொடுத்திருக்கிறேன். அறுக்கும்போது ரம்பம் தின்றது என்பார்கள். ரம்பம் தின்றதற்கும் நாம்தான் கொடுப்பதா என்பதை விலை பேசும்போதே கேட்டுவிடுங்கள், பில் போட்ட பிறகு கேட்பதில் பயனில்லை.

அடுத்த முறை மரம் வாங்கப் போனபோது ஒரே ஒரு நிபந்தனை வைத்தேன்: நான் காட்டும் பலகையை, நான் காட்டும் இடத்தில் அறுக்க வேண்டும், அறுத்த துண்டுக்கு நான் காசு தருகிறேன், மீட்டர் என்னுடையது. முதல் இடத்தில் முடியாது என்றார்கள். இரண்டாவது இடத்தில் இருந்தவர் ஒன்றும் பேசாமல் ரம்பத்தை எடுத்துக் கொடுத்தார். "நடுவுல 15 இருக்கும், ஒரு ரெண்டு மூணு மாசம் வீட்டுக்குள்ள போட்டு வைங்க" என்று அவரே சொன்னார். 15 தான் இருந்தது. அங்கேயே வாங்கிக்கொண்டேன்.

பழைய பலகைகளில் மிஞ்சியவை இரண்டு. வெளிறை அறுத்துத் தள்ளிவிட்டு, இடையில் ஒரே கனத்தில் குச்சிகள் கொடுத்து, முனைகளில் மெழுகு பூசி, காற்றோடும் அறையில் அடுக்கி வைத்திருக்கிறேன். ஒன்றின் எடை 15.6 கிலோவாக இருந்தது. ஈரம் 21.7 சதவீதம் என்பதால் அதை 1.217-ஆல் வகுத்தால் உலர்ந்த எடை 12.8 கிலோ. அப்படியானால் 12 சதவீதத்துக்கு வர அது 14.3 கிலோ ஆக வேண்டும். மாதம் ஒருமுறை நிறுத்து அதன் மேலேயே பென்சிலால் குறித்து வைக்கிறேன். எட்டு மாதம் ஆகிறது, கடைசியாக எழுதியது 14.6.