டீசல் இன்ஜின் ஏற்றுவதா, புதிய ஃபோர் வீல் டிரைவ் வாங்குவதா?

பழைய பெட்ரோல் வண்டியில் டீசல் இன்ஜின் ஏற்ற நினைப்பவர்கள் முதலில் விசாரிப்பது இன்ஜின் விலையை. கணக்கு தவறுவதும் அங்கேதான். இன்ஜினைக் கியர்பாக்ஸோடு சேர்க்க வேண்டும், சேஸில் உட்கார வைக்க வேண்டும், சூடாகாமல் பார்க்க வேண்டும், பிரேக்குக்கு வேக்குவம் (உறிஞ்சும் விசை) கொடுக்க வேண்டும். இந்தச் சில்லறை வேலைகளெல்லாம் சேர்ந்து இன்ஜின் விலையைத் தாண்டிவிடும்.

செலவைப் பணத்தில் போடாமல் எரிபொருள் லிட்டரில் போட்டுப் பாருங்கள். 100 கி.மீ.க்கு 20 லிட்டர் குடிக்கும் பெட்ரோல் வண்டி, டீசலுக்கு மாறியபின் 12 லிட்டரில் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். மிச்சம் 8 லிட்டர். ஆண்டுக்கு 10,000 கி.மீ. ஓடினால் 800 லிட்டர். மாற்றத்தின் முழுச் செலவு 6,000 லிட்டர் எரிபொருளின் விலைக்குச் சமம் என்றால், போட்டதை எடுக்கவே ஏழரை ஆண்டு. இரண்டு எரிபொருளும் ஒரே விலை என்று வைத்துச் சொன்ன கணக்கு இது. ஆண்டுக்கு 5,000 கி.மீ. மட்டும் ஓட்டுகிறவர், எரிபொருளை மிச்சம் பிடிக்கிறேன் என்று இதில் இறங்கவே கூடாது.

வேலை சுலபமா கஷ்டமா என்பது ஒரே கேள்வியில் தெரிந்துவிடும்: அதே பாடியை, அதே டீசல் இன்ஜினோடு கம்பெனியே விற்றதா? 1989-ல் வந்த டிஸ்கவரி, வி8 பெட்ரோலிலும் 200டிடிஐ டீசலிலும் கிடைத்தது. நிசான் பேட்ரோல் ஒய்60-க்கு டிபி42 பெட்ரோலும் உண்டு, டிடி42 டீசலும் உண்டு. லேண்ட் குரூசர் 80 சீரிஸிலும் 1எஃப்இசட் பெட்ரோல், 1எச்இசட் டீசல் என இரண்டும் வந்தன. இப்படிப்பட்ட வண்டி என்றால் மவுண்டிங், ரேடியேட்டர், பெல்ஹவுசிங் (இன்ஜினையும் கியர்பாக்ஸையும் இணைக்கும் கூடு), சைலன்சர் குழாய் எல்லாம் கம்பெனி பாகமாகவே கிடைக்கும். ஓடும் நிலையில் ஒரு டீசல் வண்டியை முழுசாக வாங்கி, கியர்பாக்ஸோடு கழற்றி மாற்றுவதே உத்தமம். வெறும் இன்ஜினை மட்டும் வாங்கினால், விடுபட்ட ஒவ்வொரு பிராக்கெட்டுக்கும் பின்னால் அலைய வேண்டியிருக்கும்.

அந்த வண்டியில் கம்பெனி போடாத இன்ஜினை ஏற்றும்போதுதான் தலைவலி. கம்மின்ஸ் 4பிடி பலருக்குக் கனவு இன்ஜின்: 3.9 லிட்டர், மெக்கானிக்கல் பம்ப், எளிதில் சாகாது. ஆனால் எடை 340 கிலோ அருகில் வரும். அலுமினிய வி8 அதில் ஏறக்குறைய பாதிதான். முன் ஸ்பிரிங் தொய்ந்து, சம்ப் (இன்ஜினின் அடியில் இருக்கும் ஆயில் தொட்டி) முன் ஆக்சிலை நெருங்கிவிடும். வண்டி சமதரையில் நிற்கும்போது இருக்கும் இடைவெளியை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். ஸ்பிரிங் முழுக்க அமுங்கி, ஆக்சில் பம்ப் ஸ்டாப் என்ற ரப்பர் தடுப்பில் முட்டும் நிலையில் அளக்க வேண்டும்.

அடுத்தது வேகம். இந்த 4பிடி நிமிடத்துக்கு 2,500 முதல் 2,800 சுற்றுக்குள் வேலை செய்ய அமைந்தது. உருளும் சுற்றளவு 2.4 மீட்டர் உள்ள டயர், 100 கி.மீ. வேகத்தில் நிமிடத்துக்கு 694 முறை சுற்றும். ஓவர்டிரைவ் (இன்ஜின் சுற்றைக் குறைக்கும் மேல் கியர்) இல்லாத நாலு கியர் பெட்டி, ஆக்சிலில் 4.11 விகித கிரவுன் பினியன் என்றால் இன்ஜின் 2,852 சுற்றில் அலறும். 3.54 போட்டால் 2,457-க்கு இறங்கும். ஆனால் முன்னும் பின்னும் இரண்டு ஆக்சிலிலும் மாற்ற வேண்டும். ஒன்றில் மட்டும் மாற்றிவிட்டு நாலு சக்கரத்தையும் இழுக்க விட்டால் இரண்டு ஆக்சிலுக்கும் சக்தியைப் பிரித்துத் தரும் டிரான்ஸ்பர் கேஸ் இறுகி உடையும்.

இன்ஜினையும் வேறு கியர்பாக்ஸையும் பொருத்த, நடுவில் ஓர் அடாப்டர் தட்டை லேத்தில் கடைந்து போடுவது வழக்கம். இரண்டும் ஒரே மையத்தில் இருக்கிறதா என்று அங்கே டயல் கேஜ் (நுண்ணிய அளவு காட்டும் முள் கருவி) வைத்துப் பார்க்காமல் விடுவதுதான் பெரிய தவறு. பிளைவீலில் கேஜைப் பொருத்தி, கிராங்கைக் கையால் சுற்றி, பெல்ஹவுசிங் துளையின் விளிம்பை ஒரு முழு வட்டம் பாருங்கள். முள் மொத்தமாக 0.13 மி.மீ.க்கு மேல் ஆடக்கூடாது. ஆடினால் முதலில் பைலட் பேரிங் போகும், பிறகு இன்புட் ஷாஃப்ட் பேரிங் முனகும், கடைசியில் கிளட்ச் பிளேட்டின் நடு வளையம் விரிசல் விடும். மூன்றாவது முறை கியர்பாக்ஸைக் கழற்றும்போதும் குற்றம் கிளட்ச் கம்பெனி மேல்தான் விழும்.

பிரேக் பூஸ்டருக்குத் தேவையான வேக்குவத்தைப் பெட்ரோல் இன்ஜின் தன் மேனிஃபோல்டிலேயே கொடுத்துவிடும். டீசலில் அது கிடையாது. கேம் ஷாஃப்டிலோ ஆல்டர்னேட்டரின் பின்புறமோ வேக்குவம் பம்ப் இல்லையென்றால் பிரேக் பெடல் கல்லாக இருக்கும். டாங்குக்குத் திரும்பும் ரிட்டர்ன் குழாய் வேண்டும். பெட்ரோல் இன்ஜெக்‌ஷன் பம்பைக் கழற்றிவிட்டு, தண்ணீர் பிரிக்கும் ஃபில்டர் போட வேண்டும். ஹீட்டர் பிளக்குகளுக்குத் தனி ரிலேயும் தடித்த வயரும் தேவை. ஆர்.பி.எம். மீட்டர் வேலை செய்ய ஆல்டர்னேட்டரின் 'டபிள்யூ' முனையிலிருந்து வயர் இழுக்கலாம். கம்ப்யூட்டர் கட்டுப்படுத்தும் காமன் ரெயில் இன்ஜின் என்றால் இசியு (அந்தக் கம்ப்யூட்டர்), சாவி இம்மொபிலைசர் (திருட்டுத் தடுப்பு), ஆக்சிலரேட்டர் பெடல், முழு வயரிங் எல்லாமே கூட வரவேண்டும். கராஜில் தனியாகச் செய்கிறவருக்கு அது வேண்டாத வேலை.

எதிர்ப்பக்கத்தில் புதிய வண்டி. ஏர்பேக், ஸ்டெபிலிட்டி கண்ட்ரோல், நல்ல ஏசி, ஆறு கியர்: இவற்றில் பெரும்பாலானவற்றைப் பழைய வண்டியில் ஒழுங்காகச் சேர்க்க முடியாது. குடும்பத்தோடு நெடுஞ்சாலையில் அதிகம் போகிறவருக்கு இங்கேயே விடை கிடைத்துவிடும். ஆனால் அதன் தொல்லைகள் வேறு மாதிரி. பத்து நிமிட ஓட்டத்திலேயே காலம் தள்ளினால் டி.பி.எஃப். (புகைக்கரியைப் பிடிக்கும் ஃபில்டர்) தன்னைச் சுத்தம் செய்ய வேண்டிய 600 டிகிரி சூட்டை எட்டாது. புகைக்கரி அடைத்து, வண்டி தானே சக்தியைக் குறைத்துக்கொள்ளும் லிம்ப் மோடுக்குப் போகும். பாதியில் நின்ற அந்தச் சுத்தம் செய்யும் வேலை (ரீஜெனரேஷன்) டீசலை இன்ஜின் ஆயிலில் கலக்கும். டிப்ஸ்டிக்கில் அளவு கூடிக்கொண்டே போனால் சந்தேகப்படுங்கள். 1,600 பார் அழுத்தத்துக்கு மேல் வேலை செய்யும் டீசல் நாசில்கள் தண்ணீர் கலந்த டீசலை மன்னிப்பதில்லை. பழைய மெக்கானிக்கல் பம்பும் அதை விரும்பாது என்றாலும், ரிப்பேர் செலவு அங்கே தாங்கும்.

இந்தப் புதிய ரகத்திலேயே வேறொருவர் ஓட்டிய வண்டியை வாங்கினால் ஸ்கேனர் போட்டு டி.பி.எஃப். கரி அளவையும் நாசில் கரெக்‌ஷனையும் (ஒவ்வொரு நாசிலுக்கும் கம்ப்யூட்டர் செய்யும் திருத்தம்) படியுங்கள். முன், பின் டிஃபரென்ஷியல் ஆயிலைக் கொஞ்சம் வடித்துப் பாருங்கள். பால் கலந்த காப்பி நிறத்தில் இருந்தால் தண்ணீரில் முங்கிய வண்டி.

தாள் வேலையை மறக்கக்கூடாது. இன்ஜின் வகை மாறினால் பதிவும் இன்சூரன்ஸும் மாற வேண்டும். அனுமதி கிடைக்குமா, எந்தப் புகை விதிக்கு உட்பட வேண்டும் என்பதை இன்ஜின் வாங்கும் முன்பே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

பாடி அருமையாக இருந்து, கம்பெனி டீசல் பாகங்கள் பொருந்தி, காட்டு வழியில் கையால் ரிப்பேர் பார்க்கும் வண்டிதான் வேண்டும் என்றால் மாற்றலாம். ஆனால் அதற்கு முன் யாரும் யோசிக்காத இன்னொரு வழியையும் விசாரியுங்கள்: பெட்ரோல் வண்டியை விற்றுவிட்டு, அதே மாடலைக் கம்பெனி டீசலோடு வாங்குவது. விலை வித்தியாசம் பெரும்பாலும் மாற்றச் செலவைவிடக் குறைவாகவே இருக்கும். பதிவுப் புத்தகத்திலும் உரிமையாளர் விவரத்தைத் தவிர இன்ஜின் வகையை மாற்ற வேண்டியதில்லை.