ட்யூஷனா, வீட்டுக் கூடமா, விடியற்காலையா?

மகள் நான்காம் வகுப்பு, மகன் எட்டாம் வகுப்பு. வீட்டுப்பாடத்தை எங்கே, எப்போது முடிப்பது என்பதில் மூன்று வழிகளையும் பார்த்துவிட்டோம். (பிள்ளை ஒன்றாவதோ இரண்டாவதோ என்றால் இந்த அலசலே வேண்டாம். அந்த வகுப்புகளுக்கு வீட்டுப்பாடம் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2018-லேயே உத்தரவிட்டது.)

முதலில் விடியற்காலை. "வெள்ளன எந்திரிச்சுப் படிச்சாத்தான் மண்டையில ஏறும்" என்பது மாமியார் கட்சி. அவர் காலத்தில் 8 மணிக்கே ஊர் அடங்கிவிடும். 6 முதல் 12 வயது வரை 9 மணி நேரமாவது தூங்க வேண்டும் என்கிறார்கள் மருத்துவர்கள். 5 மணிக்கு எழுப்ப வேண்டுமென்றால் 8 மணிக்குப் பிள்ளை தூங்கியிருக்க வேண்டும். எங்கள் வீட்டில் அப்போதுதான் குக்கர் முதல் விசில் அடிக்கும், கூடத்தில் சீரியல் ஓடும். ஒரு வாரம் எழுப்பிப் பார்த்தேன். மூன்றாம் நாள் "ஏழாறு..." என்று இழுத்தவள், நாற்பத்திரண்டைச் சொல்லாமலே நோட்டின் மேல் சாய்ந்துவிட்டாள். கன்னத்தில் பேனா மை. மனப்பாடச் செய்யுளை ஒரு முறை ஒப்பிக்க மட்டும் காலை சரி.

ட்யூஷனில் பெரிய நிம்மதி, வீட்டில் சண்டை கிடையாது. ஆனால் தெருமுனை ட்யூஷனில் ஒன்றாவது முதல் ஏழாவது வரை ஒரே பாயில். அக்கா பாவம், எத்தனை பேரைப் பார்ப்பார்? விடையைச் சொல்லி எழுதவைத்து அனுப்பிவிடுவார். நோட்டு நிறைந்திருக்கும், அதே கணக்கை இரவில் கேட்டால் மகள் விழிப்பாள். விளையாட்டு நேரமும் போச்சு. அரசு 2021-ல் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வியிலேயே மாலையில் ஒன்று, ஒன்றரை மணி நேரம்தான் வகுப்பு நடந்தது, அதுவும் பாட்டு, கதை, விளையாட்டோடு. இங்கே இரண்டரை மணி நேரம் உட்கார்த்திவைத்தார்கள். மகன் விஷயம் வேறு. இயற்கணிதத்தில் காரணிப்படுத்துதல் வந்ததும் நான் கையைத் தூக்கிவிட்டேன். அவனுக்குக் கணக்குக்கு மட்டும் ஒரு சார் இருக்கிறார், வாரம் மூன்று நாள். அந்தக் காசு வீணில்லை.

வீட்டிலேயே என்றால் முதல் மாதம் போர்க்களம்தான். கடன் வாங்கிக் கழிப்பதை நான் ஒரு மாதிரி சொல்வேன், "மிஸ் அப்படிச் சொல்லலை" என்று அவள் அழுவாள். பிறகு சொல்லிக்கொடுப்பதையே நிறுத்தினேன். பக்கத்தில் உட்கார்ந்து பீன்ஸ் நறுக்குவதோடு சரி. தெரியாததைப் பென்சிலால் வட்டமிட்டு மறுநாள் மிஸ்ஸிடமே கேட்கட்டும். ஆறு மணி வரை தெருவில் விளையாட்டு, கைகால் கழுவிவிட்டு ஆறேகாலுக்குப் பாய், போன் அடுத்த அறையில். முக்கால் மணி நேரத்தில் முடிந்துவிடுகிறது.

சார்ட் ஒட்டிப் பார்த்தோம், செல்போன் அலாரமும் வைத்தோம், இரண்டும் பத்து நாள் தாங்கவில்லை. நிலைத்தது காலண்டர் தாள். அன்றைக்குக் கிழித்த தாளின் பின்பக்கத்தில் அவளே எழுதுகிறாள்: கணக்கு, தமிழ் காப்பி, பெல்ட், ஐடி கார்டு, தண்ணீர் பாட்டில். முடிந்ததை அடித்துவிட்டுத்தான் படுக்கை. நேற்று கடைசி வரியில் "அம்மா கையெழுத்து" என்று இருந்தது. அதை மட்டும் அடிக்காமல் என் தலையணை மேல் வைத்துவிட்டுத் தூங்கிவிட்டாள்.