பழத்துக்கு நாலரை, மெசேஜுக்கு ஒன்றரை: ஒரு கிருஷ்ணகிரி மாம்பழக் கடை

முதலில் பழத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் கீழே வரப்போகும் புகார்களைப் படித்துவிட்டு இந்தக் கடைப் பக்கமே யாரும் போகமாட்டீர்கள். பழம் நல்ல பழம். அல்போன்சா, செந்தூரா, பங்கனப்பள்ளி, மல்கோவா, கடைசியில் நீலம் என்று சீசன் போகிற போக்கில் தோப்பில் எது முற்றுகிறதோ அதைப் பறித்து அனுப்புகிறார்கள், ஏப்ரலிலேயே எல்லா ரகமும் கையிருப்பில் இருக்கிறது என்று கதை விடுவதில்லை. அட்டைப்பெட்டியில் வைக்கோல் போட்டு அடுக்கி வருகிறது. தோலில் அங்கங்கே பால் வடிந்த கறை இருக்கும், பார்க்கத்தான் அசிங்கம், சுவைக்கு ஒன்றும் ஆகாது. விலை மண்டியைவிடக் கொஞ்சம் கூடத்தான், ஆனால் பெட்டிக்கு அடியில் சொத்தைப் பழத்தை ஒளித்து வைக்கிற வேலை இவர்களிடம் கிடையாது. செந்தூரா மட்டும் ஒரு முறை வாங்கிப் பாருங்கள், வீட்டில் யாரும் சாப்பாட்டைப் பற்றிப் பேசமாட்டார்கள்.

கடையின் பெயரைப் போடவில்லை. குடும்பமே சேர்ந்து செய்கிற வியாபாரம், நல்ல மனிதர்கள், நான் குறை சொல்லப்போவது அவர்கள் எழுதுகிற மெசேஜைப் பற்றி, அதற்காக ஒரு கடையைப் பேர் சொல்லி நிறுத்த மனசு வரவில்லை. அதோடு இது ஒரு கடையின் கதையும் இல்லை. சந்தூர், போச்சம்பள்ளிப் பக்கம் தோப்பு வைத்திருக்கிறவர்கள் முன்பெல்லாம் மண்டியில் போட்டுவிட்டுப் பணத்தை வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள், தோத்தாபுரி என்றால் நேராகக் கூழ் ஆலைக்கு. இப்போது அவர்களில் பலர் வாட்ஸ்அப்பில் ஆர்டர் எடுத்து வீட்டுக்கே அனுப்புகிறார்கள். பழத்தைத் தொட்டு, முகர்ந்து, பேரம் பேசி வாங்குகிற வியாபாரத்தில் எழுத்துக்கு வேலையே கிடையாது. வாட்ஸ்அப்புக்கு வந்ததும் எழுத்துதான் கடை.

அந்தக் கடை எப்படி இருக்கிறது என்றால், எனக்கு வந்த முதல் மெசேஜை அப்படியே தருகிறேன்: "வனக்கம் அக்கா கல் வைத்த பலம் இல்லை என்றால் பணம் வாபஸ்".

வனக்கம், பலம் எல்லாம் போகட்டும். மீதியை இன்னொரு தடவை படியுங்கள். கல், அதாவது கார்பைடு, வைத்துப் பழுக்க வைத்த பழமாக இல்லாவிட்டால் பணத்தைத் திருப்பித் தருவார்களாம்! சொல்ல வந்தது, "கல் வைத்த பழம் இல்லை, அப்படி இருந்தால் பணம் வாபஸ்". நடுவில் ஒரு புள்ளியும் ஓரிரு சொல்லும் விழுந்துபோனதில், தாங்களே கார்பைடு போடுவதாக உத்தரவாதம் கொடுத்துவிட்டார்கள். கால்சியம் கார்பைடு வைத்துப் பழுக்க வைப்பதை உணவுப் பாதுகாப்பு விதிகள் தடை செய்திருக்கின்றன, எத்திலீன் வாயுவை மட்டும் 100 பிபிஎம் (பத்து லட்சத்தில் நூறு பங்கு) வரைக்கும் அனுமதிக்கிறார்கள். மாம்பழ சீசன் வந்தாலே அதிகாரிகள் குடோனில் சோதனை போட்டுப் பழத்தைக் கொட்டி அழிக்கிற செய்தியும் கூடவே வரும். மாம்பழம் வாங்குகிறவர்களுக்கு இருக்கிற பெரிய பயமே அந்தக் கல்தான், அந்த விஷயத்திலேயே இவர்கள் தலைகீழாக எழுதி ஊர் முழுக்க அனுப்பியிருக்கிறார்கள்.

அப்படியும் வாங்கினேன். எந்தக் கடைக்காரரும் "கல் வைக்காவிட்டால் பணம் வாபஸ்" என்று சொல்லமாட்டார் என்பதால் அர்த்தத்தை நாமே சரி செய்து படித்துக்கொள்கிறோம். பிழையோடு எழுதுகிறவர்கள் கேட்பதும் இதைத்தான்: "புரிஞ்சுதுல்ல, அப்புறம் என்ன?" சரி, புரிகிற வரைக்கும் ஒன்றும் இல்லை. ஆனால் எழுதுகிறவருக்கு மட்டும் புரிந்து படிக்கிறவருக்கு வேறு விதமாகப் புரிகிற இடம் என்று ஒன்று இருக்கிறது, அங்கே இரண்டு பேருக்குமே சந்தேகம் வராது, அதுதான் சிக்கல்.

அடுத்த ஆர்டரிலேயே அது வந்தது. செந்தூரா கேட்டிருந்தேன். பதில்: "செந்தூரா இல்லை பங்கனபள்ளி அனுப்புறோம்". செந்தூராவோ, இல்லையென்றால் பங்கனப்பள்ளியோ, இருப்பதை அனுப்புவார்கள் என்று எடுத்துக்கொண்டு நான் சரி என்றேன். அவர்கள் சொன்னது செந்தூரா தீர்ந்துவிட்டது, பங்கனப்பள்ளிதான் வரும் என்று. வாயால் சொல்லியிருந்தால் "இல்லை"க்கு அப்புறம் ஒரு சின்ன நிறுத்தம் இருந்திருக்கும், அதிலேயே விஷயம் தெரிந்துவிடும். எழுத்தில் அந்த நிறுத்தத்துக்காக இருப்பதுதான் காற்புள்ளி, ஆனால் போனில் தட்டுகிறவர்கள் முதலில் கைவிடுவது அதைத்தான். வந்த பெட்டி முழுக்கப் பங்கனப்பள்ளி. அதுவும் நல்ல பழம்தான், ஒரு குறையும் இல்லை, ஆனால் வீட்டில் செந்தூராவுக்காகக் காத்திருந்தவர் என் மாமனார். அவரிடம் போய்க் காற்புள்ளியைப் பற்றியா விளக்க முடியும்?

முகவரி விஷயம் இதைவிட மோசம். பாலக்கோட்டில் இருக்கிற நாத்தனார் வீட்டுக்கு ஒரு பெட்டி அனுப்பச் சொன்னேன். உறுதி செய்து வந்த மெசேஜில் "பாலக்காடு" என்று இருந்தது. ஒரு இரட்டைக்கொம்பு காணோம், அவ்வளவுதான், பக்கத்துத் தருமபுரி மாவட்டத்துக்குப் போக வேண்டிய பெட்டி கேரளாவுக்குக் கிளம்பிவிட்டது. நல்ல வேளையாகப் பின்கோடு 636808 என்று சரியாகப் போட்டிருந்தார்கள் (பாலக்காட்டுப் பின்கோடு 678இல் தொடங்கும்), அதை வைத்துப் பார்சல்காரர்கள் ஒழுங்காகக் கொண்டுவந்து சேர்த்தார்கள். இதில் நான் கவனித்த ஒன்று, எடை, விலை, போன் நம்பர், பின்கோடு என்று இலக்கத்தில் எழுதுகிற எதிலும் இவர்களுக்குத் தப்பே வருவதில்லை. காசு சம்பந்தப்பட்டது என்று தெரிந்தால் திரும்பப் பார்க்கிறார்கள், எழுத்தும் காசு சம்பந்தப்பட்டதுதான் என்று இன்னும் தோன்றவில்லை. ஊர்ப் பெயரில் ரொம்பக் கண்டிப்பாக இருக்க எங்கள் பக்கத்துக்காரர்களுக்கு உரிமை இல்லை என்பதும் உண்மைதான், தருமபுரியைத் தர்மபுரி என்றும் அரூரை ஹரூர் என்றும் இஷ்டத்துக்கு எழுதுகிறவர்கள் நாங்கள். ஆனால் அரூரை எப்படி எழுதினாலும் பெட்டி அரூருக்குத்தான் போகும்.

உண்மையில் கடைக்குக் காசு போன இடம் சென்னை. சித்திக்கு ஒரு பெட்டி அனுப்பினேன். பெட்டி போய்ச் சேர்ந்ததும் கடையிலிருந்து அவருக்கு நேராக ஒரு மெசேஜ் போயிருக்கிறது: "உங்கல் பார்சல் வந்துல்லது முகவறி உருதி செய்யவும்", கீழே ஒரு லிங்க். சித்தி என்ன செய்வார்? உடனே அந்த நம்பரை பிளாக் செய்துவிட்டார், போதாததற்குக் குடும்பக் குழுவில் "இப்படி ஒரு மெசேஜ் வந்தால் யாரும் தொடாதீர்கள்" என்று எச்சரிக்கையும் போட்டுவிட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. பார்சல் வந்திருக்கிறது, முகவரியைப் புதுப்பியுங்கள் என்று அஞ்சல் துறை பெயரிலேயே லிங்க்கோடு போலி எஸ்எம்எஸ் சுற்றியது, அதை நம்ப வேண்டாம் என்று மத்திய அரசின் பிஐபி உண்மை சரிபார்ப்புப் பிரிவு அறிவித்தது. இந்த மாதிரி மோசடியில் பணம் போனால் 1930க்குக் கூப்பிடுங்கள் என்று சொல்கிற அதே விழிப்புணர்வுப் பேச்சுகளில், எழுத்துப் பிழை இருந்தால் சந்தேகப்படுங்கள் என்பதும் தவறாமல் வரும். சித்தி சொன்னபடி செய்தார். பெட்டி பார்சல் ஆபீசிலேயே கிடந்தது, சென்னை வெயில் வேறு, எடுத்து வரும்போது பாதிப் பழம் கசிந்துபோயிருந்தது. நான் கேட்காமலேயே கடைக்காரர் பாதிப் பணத்தைத் திருப்பி அனுப்பினார்.

இதில் எனக்குக் கோபம் வருகிற இடம் வேறு. மோசடிக்காரர்கள் இப்போது செயற்கை நுண்ணறிவு வைத்து ஒரு பிழையும் இல்லாமல், ஒற்று மிகுந்து, மரியாதையாக எழுதுகிறார்கள். பிழையோடு வந்தால் திருட்டு மெசேஜ் என்ற அந்தப் பழைய அடையாளத்தை வைத்துப் பார்த்தால் இன்றைக்கு மாட்டுவது தோப்புக்காரர்தான், திருடன் இல்லை.

ஏன் இப்படி எழுதுகிறார்கள் என்று கேட்டுப் பார்த்தேன். கடையை நடத்துகிற அப்பாவிடம் போனில் பேசினால் அத்தனை தெளிவு. "ஏம்மா, பழம் நல்லா இருந்துச்சா? காம்புகிட்ட அமுக்கிப் பாருங்க, மெத்துன்னு ஆனதும் அறுங்க, அவசரப்படாதீங்க" என்று எந்த ரகம் எத்தனை நாளில் பழுக்கும் என்பது வரைக்கும் சொல்வார். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள், இந்தப் பக்கம் தெலுங்கும் கன்னடமும் வீட்டு மொழியாக இருப்பது சாதாரணம். ஆனால் பிழைக்கு அதுவா காரணம் என்றால் இல்லை, தமிழைத் தவிர வேறெதுவும் தெரியாத என் சொந்தக்காரர்கள் இதைவிடக் கொடுமையாக எழுதுகிறார்கள். மெசேஜ் தட்டுவது கல்லூரியில் படிக்கிற மகன். அவனைக் கேட்டால், "அக்கா, நான் இங்கிலீஷ் எழுத்துல அடிப்பேன், அதுவே தமிழ்ல மாத்தும், முதல்ல எது வருதோ அதைத் தட்டிட்டுப் போய்டுவேன்" என்றான்.

இவ்வளவுதான் விஷயம். ஆங்கில எழுத்தில் ஒலியை மட்டும் கொடுத்தால் ல, ள, ழ மூன்றில் எது, ந, ன, ண மூன்றில் எது, ரவா றவா என்பதைச் செயலிதான் ஊகிக்க வேண்டும். பெரும்பாலும் சரியாகவே ஊகிக்கும், அதனால்தான் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. 1999இல் சென்னையில் நடந்த இணைய மாநாட்டையொட்டித் தமிழக அரசு தரப்படுத்திய தமிழ்99 விசைப்பலகையில் இந்தப் பிரச்சினை பாதி கிடையாது, ழவுக்கு ஒரு விசை, ளவுக்கு வேறொரு விசை, எது வேண்டும் என்று எழுதுகிறவரே முடிவு செய்தாக வேண்டும். போன்களிலும் அது கிடைக்கிறது. பையனிடம் சொன்னேன், "சீசன் முடியட்டும்க்கா" என்றான். நியாயம்தான், ஜூன் மாதத்தில் மாம்பழ வியாபாரியிடம் போய் விசைப்பலகை கற்றுக்கொள் என்றால் யார் கேட்பார்கள்.

பிழைதிருத்தி போட்டால் போதாதா என்று கேட்பீர்கள். நீச்சல்காரன் உருவாக்கிய வாணி என்ற திருத்தி இணையத்தில் இலவசமாகவே இருக்கிறது, நல்ல கருவி. ஆனால் இந்தக் கடையின் மெசேஜ்களை அப்படி ஒரு திருத்தியில் போட்டால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். "வனக்கம்", "முகவறி", "உருதி" எல்லாம் மாட்டும். "பலம்" மாட்டாது, அதுவும் ஒரு சொல்தான். "பாலக்காடு" மாட்டாது, அப்படி ஓர் ஊர் இருக்கிறது. "கல் வைத்த பழம் இல்லை என்றால் பணம் வாபஸ்" என்பதில் ஓர் எழுத்துகூடத் தப்பில்லை, வாக்கியமும் இலக்கணப்படி சரி. ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் போட்டு ஆளாளுக்குச் சிரிப்பது வனக்கத்தைப் பார்த்து, அது ஒருவரையும் கெடுக்கவில்லை. மாமனாருக்குச் செந்தூரா இல்லாமல் போனதும் பெட்டி கேரளாவுக்குப் போகப் பார்த்ததும் பார்க்க ஒழுங்காக இருக்கிற எழுத்தால்தான். ஒற்று விட்டுப்போனதை எல்லாம் எண்ணிக்கொண்டிருக்கிற ஆள் நானில்லை. அனுப்பும் முன் ஒரு தடவை வாய்விட்டுப் படித்தால் இந்த இரண்டில் ஒன்றாவது காதிலேயே இடறியிருக்கும்.

சரி, குறை மட்டும் சொல்லிவிட்டுப் போகவில்லை. வாட்ஸ்அப் பிசினஸில் அடிக்கடி அனுப்புகிற பதில்களைச் சேமித்து வைத்துக்கொண்டு, சாய்கோடு தட்டியதும் எடுத்து அனுப்புகிற வசதி இருக்கிறது. கல், பணம் வாபஸ், ரகம் தீர்ந்தது, பார்சல் வந்தது, ஒரு மாம்பழக் கடைக்குத் திரும்பத் திரும்பத் தேவைப்படுவது இப்படிப் பத்து வரிகூட இருக்காது. ஒரு முறை ஒழுங்காக எழுதி வைத்தால் சீசன் முழுக்க ஓடும். பார்சல் வரியில் லிங்க்கைத் தூக்கிவிட்டு, யார் அனுப்பிய பெட்டி என்று பெயரைப் போட்டால் சித்திகள் பிளாக் செய்யமாட்டார்கள். தப்பாக அனுப்பியதை 15 நிமிடத்துக்குள் திருத்திக்கொள்ளும் வசதியும் 2023இலிருந்து இருக்கிறது, அது இருப்பதே பையனுக்குத் தெரியவில்லை. கல் வரியையும் பார்சல் வரியையும் நானே எழுதிக் கொடுத்தேன், இரண்டையும் சேமித்துக்கொண்டான், இப்போது எல்லாருக்கும் அதுதான் போகிறது. முன்னால் "வனக்கம்" மட்டும் அவனே தட்டிச் சேர்க்கிறான்.

மதிப்பெண் கேட்கிறவர்களுக்கு: பழத்துக்கு ஐந்துக்கு நாலரை, பெட்டி கட்டுவதற்கு நாலு, பணத்தைத் திருப்பித் தந்த நேர்மைக்கு முழுசாக ஐந்து, மெசேஜுக்கு ஒன்றரை, அந்த அரையும் இலக்கங்களைச் சரியாக எழுதுவதற்காக. அடுத்த சீசனிலும் இங்கேதான் வாங்குவேன். இது போன்ற எந்தத் தோப்புக் கடையில் வாங்கினாலும் ரகம், பெட்டி எண்ணிக்கை, ஊர், பின்கோடு எல்லாவற்றையும் நீங்களே தனித்தனி வரியாக எழுதி அனுப்புங்கள், யாருக்கு அனுப்புகிறீர்களோ அவரிடமும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பதிலில் "இல்லை" என்று எங்காவது இருந்தால் சரி என்று தட்டாமல் போன் போடுங்கள். இந்தக் கடையில் சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் அப்பாதான் எடுப்பார்.