உலக வங்கியின் உயர்கல்விச் சேர்க்கைத் தரவு: ஒரு மதிப்பீடு

உலக வங்கி கட்டணமின்றி வழங்கும் தரவுத்தளத்தில் நான் அடிக்கடி எடுத்துப் பார்ப்பது உயர்கல்வி மொத்தச் சேர்க்கை விகிதம். யுனெஸ்கோ புள்ளியியல் நிறுவனம் திரட்டும் இந்த எண்கள் 1970 முதல் கிடைக்கின்றன. வேண்டிய நாடுகளின் கோடுகளை ஒரே படத்தில் காணலாம், எக்செல் கோப்பாகவும் இறக்கிக்கொள்ளலாம். ஒரு நாடு காலப்போக்கில் எவ்வாறு மாறியது என்று அறிய இது மிக எளிய கருவி. 2000இல் 10 சதவீதத்துக்கும் கீழே கிடந்த சீனாவின் கோடு இருபதே ஆண்டுகளில் 50ஐத் தாண்டுவதைக் காணும்போதெல்லாம், அத்தனை ஆசிரியர்களை எப்படி உருவாக்கினார்கள் என்று வியக்கிறேன்.

ஆனால், இளைஞர்களில் எத்தனை பேர் கல்லூரிக்குள் நுழைகிறார்கள் என்பதை வைத்து நாடுகளை வரிசைப்படுத்த விரும்புவோருக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். எந்த வயதினராயினும் படித்துக்கொண்டிருப்போர் அனைவரையும் கூட்டி, பள்ளிப்படிப்புக்கு அடுத்த ஐந்து வயதுகளின் மக்கள்தொகையால் வகுத்துப் பெறுவதே இந்த விகிதம். படிப்பை முடிக்காமலே பல்லாண்டுகள் பதிவேட்டில் நீடிப்போரால் கிரேக்கமும், பெருந்திரளானோர் பயிலும் திறந்தநிலைக் கல்வியால் துருக்கியும் 100ஐத் தாண்டி நிற்கின்றன. லக்சம்பர்க்கோ 20ஐ ஒட்டியே இருக்கிறது; அந்நாட்டு மாணவர்களில் பெரும்பாலோர் அண்டை நாடுகளுக்குச் சென்று படிப்பதே காரணம். அங்கு வாழும் 25 முதல் 34 வயதினரில் பாதிக்கும் மேற்பட்டோர் உயர்கல்வி முடித்தவர்கள் என்பதை இந்த எண்ணிலிருந்து யாராலும் ஊகிக்க முடியாது.

வகுக்கும் எண் மாறினாலே விடை மாறிவிடும். இந்தியக் கல்வி அமைச்சகத்தின் 2021-22 கணக்கெடுப்பு தரும் 28.4 சதவீதம், 18 முதல் 23 வரையிலான ஆறு வயதுகளால் வகுத்துப் பெற்றது. ஐந்து வயதுகளால் வகுக்கும் யுனெஸ்கோ முறையில், அதே மாணவர்களுக்கு அதைவிடக் கூடுதலான விகிதம் வரும்.

நுழைவைப் பற்றியே கேட்பவர்கள், பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சி அமைப்பு வெளியிடும் முதல்முறை நுழைவு விகிதத்தை நாடுவது நல்லது. வெளிநாட்டு மாணவர்களை நீக்கி, 25 வயதுக்கு உட்பட்டோரை மட்டும் தனியே காட்டும் கணக்கு அதில் உண்டு. எனினும் அது 38 உறுப்பு நாடுகளையும் வேறு சில நாடுகளையும் மட்டுமே கருத்தில் கொள்கிறது. ஆப்பிரிக்காவின் பெரும்பகுதிக்கு உலக வங்கியின் தளத்தையே மீண்டும் திறக்க வேண்டியிருக்கிறது. அங்கு ஒவ்வொரு நாட்டின் எண்ணுக்கும் பக்கத்திலேயே எந்த வயதுகளால் வகுத்தது என்பதையும் அச்சிட்டால், அவசரமாக ஒப்பிட வரும் மாணவர்களுக்கும் செய்தியாளர்களுக்கும் பேருதவியாக இருக்கும்.