பாடுபவர் எங்கே நிற்கிறார்? கிறிஸ்தவ ராக் வரிகள், ஜோடி ஜோடியாக

கிறிஸ்தவ ராக் பற்றி விசுவாசிகள் சண்டை போடும்போது பெரும்பாலும் இரண்டு கேள்விகள்தான் வரும். ஆலயத்தில் டிரம்ஸ் அடிக்கலாமா? பாட்டில் இயேசுவின் பெயர் எத்தனை முறை வருகிறது? முதல் கேள்வி பழசாகிவிட்டது. இரண்டாவது உதவாது. பெயரைச் சொல்லிச் சொல்லியே எதையும் சொல்லாமல் முடிகிற பாட்டுகள் ஏராளம். நான் பார்ப்பது வேறு: பாடுபவர் தீர்ப்புச் சொல்லும் இடத்தில் நிற்கிறாரா, தீர்ப்புக் கேட்கும் இடத்தில் நிற்கிறாரா?

முதலில் லாரி நார்மன். இந்த இசையின் தகப்பன் என்று அமெரிக்காவில் சொல்லப்படுபவர். 1969-ல் வந்த அவருடைய ‘ஐ விஷ் வீட் ஆல் பீன் ரெடி’ இரகசிய வருகையைப் பற்றியது, அதாவது இயேசு திடீரென வந்து விசுவாசிகளை மட்டும் எடுத்துக்கொண்டு போவார் என்ற நம்பிக்கையை. கணவனும் மனைவியும் படுத்திருக்கிறார்கள். ஏதோ சத்தம் கேட்டு அவள் திரும்பினால் அவனைக் காணோம். இரண்டு பேர் மலையேறுகிறார்கள், ஒருவர் மறைந்துவிடுகிறார். மனம் மாற இனி நேரமில்லை என்று பாட்டு கதவைச் சாத்துகிறது.

வேத ஆதாரம் என்று பார்த்தால் இது பலவீனமான பாட்டு. மத்தேயு 24-ல் ‘ஒருவன் ஏற்றுக்கொள்ளப்படுவான், ஒருவன் கைவிடப்படுவான்’ என்ற வசனத்துக்குச் சற்று முன்னால் நோவாவின் வெள்ளம் வருகிறது. அங்கே வாரிக்கொண்டு போகப்பட்டவர்கள் கெட்டவர்கள். மிஞ்சி நின்றது நோவா. அப்படிப் பார்த்தால் விடப்படுவதுதான் நல்லது என்று வாசிப்பவர்களும் உண்டு. இரகசிய வருகை என்ற போதனையே 19-ஆம் நூற்றாண்டில் ஜான் நெல்சன் டார்பி என்ற போதகர் வழியாகப் பரவியதுதான். ஆனாலும் பாட்டை முழுக்கத் தள்ள மனம் வரவில்லை. ‘நாம் எல்லோரும் தயாராக இருந்திருக்கலாமே’ என்பதுதான் பல்லவி. விடப்பட்டவர்களின் பக்கத்தில் நின்று பாடுகிறார். பின்னால் அதே பயத்தை வைத்து ஊழியம் செய்த பலரிடம் இந்தத் துக்கம் இல்லை.

அதே நார்மன் 1972-ல் ‘த கிரேட் அமெரிக்கன் நாவல்’ பாடினார். இரவில் நீ முகத்தை மூடிக்கொள்ளும் துணியில்தான் உன் பிள்ளைகள் தூங்குகிறார்கள் என்று வெள்ளை இனவெறியரைப் பார்த்துச் சொல்கிறார். சந்திரனுக்கு ரஷ்யரை முந்திப் போனீர்கள், பிள்ளைகளைப் பட்டினி போட்டுத்தானே போனீர்கள் என்கிறார். வரிக்கு வரி பார்த்தால் முந்தையதைவிட இது எவ்வளவோ கூர்மை. சறுக்குவது முடிவில்தான். என்னிடம் ஒரே பதில்தான் உண்டு, குமாரனைப் பின்பற்றுகிறவன் இருளைவிட்டு வெளியேறுகிறான் என்று முடிக்கிறார். சரி, அந்த வெள்ளைத் துணிக்காரனும் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் ஆலயத்துக்குப் போகிறவன்தானே? தானே எழுப்பிய கேள்விக்கு அவருடைய பதில் போதவில்லை.

அடுத்தது 1987. அந்த ஒரே ஆண்டில் பெட்ரா குழுவின் ‘திஸ் மீன்ஸ் வார்!’ ஆல்பமும் ஸ்டீவ் டெய்லரின் ‘ஐ பிரெடிக்ட் 1990’ ஆல்பமும் வந்தன. பெட்ராவுக்கு எல்லாமே போர்க்களம். முழங்காலில் நின்று ஆம்பளையாகச் சண்டை போடு என்று தலைப்பிலேயே சொல்லும் பாட்டும் அதில் உண்டு. ஜெபத்தைச் சண்டையாக்கியதில் தப்பில்லை, எபேசியர் 6 அதைத்தான் செய்கிறது. ஆனால் ‘மாம்சத்தோடும் இரத்தத்தோடுமல்ல’, அதாவது சண்டை மனிதரோடு அல்ல, என்று பவுல் முதலிலேயே போடும் நிபந்தனை கிட்டார் சத்தத்தில் எளிதில் காணாமல் போகும். போர்ப்பாட்டைக் கேட்டு வளரும் பையன் எதிரியை எங்கே தேடுவான்? பெரும்பாலும் பக்கத்து வீட்டில்தான். ஜெபிக்கிற பெண்களுக்கு அந்தப் பாட்டில் என்ன இடம் என்று கேட்கவே வேண்டாம்.

டெய்லர் நேர் எதிர்த் திசையில் போனார். கருக்கலைப்பு மருத்துவமனைக்குக் குண்டு வைத்த ஒருவன் பேசுகிற மாதிரி ஒரு பாட்டு. அவன் ஐஸ்கிரீம் வண்டிக்காரன். குழந்தைகள் குறைந்தால் வியாபாரம் படுத்துவிடும் என்பதுதான் அவன் கவலை. உயிரைக் காக்க உயிரை எடுக்கும் தர்க்கத்தைக் கிண்டல் செய்கிறார். கிண்டல் புரியாமல் சில கிறிஸ்தவக் கடைகள் ஆல்பத்தையே எடுத்துவிட்டன. டெய்லரிடமும் குறை இருக்கிறது: முகமூடி போட்டுப் பாடும்போது பாடுபவர் மேல் எந்தக் காயமும் படாது. இருந்தாலும் இரண்டில் ஒன்று என்றால் எனக்கு ஐஸ்கிரீம்காரன்தான். அவன் நம் ஆள் என்பதை அந்தப் பாட்டு மறைக்கவில்லை.

டிசி டாக் குழு 1995-ல் வெளியிட்ட ஆல்பத்தில் இரண்டு பக்கமும் ஒரே தட்டில் கிடைக்கிறது. தலைப்புப் பாட்டான ‘ஜீசஸ் ஃப்ரீக்’, உலகம் என்னைக் கிறுக்கன் என்றாலும் கவலையில்லை என்கிறது. தலை வெட்டப்பட்ட யோவான் ஸ்நானகனையும் துணைக்கு இழுக்கிறது. துடிப்பான பாட்டு, கேட்டால் கால் தாளம் போடும். ஆனால் லட்சக்கணக்கில் விற்ற ஆல்பம் தன்னை யோவானின் வரிசையில் நிறுத்திக்கொள்வது கொஞ்சம் மிகை.

‘வாட் இஃப் ஐ ஸ்டம்பிள்’ அதே ஆல்பத்தில்தான் இருக்கிறது. உதட்டால் இயேசுவை அறிக்கையிட்டு வாழ்க்கையால் மறுதலிக்கும் கிறிஸ்தவர்களே நாத்திகத்துக்கு முதல் காரணம் என்ற பொருளில் எழுத்தாளர் பிரென்னன் மேனிங் பேசும் வாசகம் முதலில் வருகிறது. அப்புறம் பாடுபவர் தன்னையே விசாரிக்கிறார்: இது ஜனங்களுக்காகவா, கர்த்தருக்காகவா, இல்லை எனக்கு வாங்க வேண்டிய பொருள்களுக்காகவா? கிறிஸ்தவ இசை வியாபாரத்துக்குள் இருந்துகொண்டே ஒருவர் இப்படிக் கேட்பது அபூர்வம். தலைப்புப் பாட்டு வயசோடு போய்விடும், இது போகாது.

(பெயரே சொல்லாமல் தேடலை மட்டும் பாடும் ஸ்விட்ச்ஃபுட் குழு வகையைத் தனியாக அலசலாம். 2003-ன் ‘மென்ட் டு லிவ்’ நல்ல பாட்டு, ஆனால் யாருக்கும் வலிக்காது.)

கடைசி ஜோடி ஒரே பாட்டின் இரண்டு வடிவம். ஜான் மார்க் மெக்மில்லன் தன் நண்பர் கார் விபத்தில் இறந்த பிறகு எழுதியது ‘ஹவ் ஹீ லவ்ஸ்’ (‘அவர் எப்படி நேசிக்கிறார்’). வானம் பூமியைச் சந்திப்பதை ஈரமான முத்தம் என்று எழுதியிருந்தார். 2009-ல் டேவிட் க்ரவுடர் பேண்ட் அதை ‘எதிர்பாராத முத்தம்’ என்று மாற்றிப் பாடியது. ஆராதனையில் இதெல்லாம் தேவையா என்று பெரிய வாக்குவாதமே நடந்தது. தேவனைக் காதலனாக்கும் பாட்டுகள் எனக்கும் ஒத்துவருவதில்லை. அன்பு இருக்கும், அந்த அன்பு என்ன கேட்கிறது என்பது இருக்காது.

ஆனால் முத்தத்தைவிடப் பெரிய வெட்டு ஒன்று சத்தமில்லாமல் நடந்தது. மூலப் பாட்டில் நண்பர் இறந்த நாளைப் பெயர் சொல்லி நினைக்கும் ஒரு சரணம் உண்டு. மற்றவர்கள் பாடிய வடிவங்களில் பெரும்பாலும் அது இல்லை. அது இருந்தால் பல்லவி, மரணத்தின் முன் நின்று ஒருவன் பிடிவாதமாகச் சொல்லும் சொல். எடுத்துவிட்டால் வெறும் இதமான பாட்டு.

எல்லோரும் சேர்ந்து பாடும் இடத்தில் ஒருவருடைய சொந்தத் துக்கம் எதற்கு என்று கேட்பார்கள். கோராகின் புத்திரரின் 88-ஆம் சங்கீதமும் சேர்ந்து பாடக் கொடுக்கப்பட்டதுதான். அதில் கடைசிவரை ஆறுதல் வருவதே இல்லை. நான் மெக்மில்லனின் மூல வடிவத்தைத்தான் எடுப்பேன், ஈர முத்தத்தோடு சேர்த்தே.