ஏர் சஸ்பென்ஷன் படுத்துவிட்டால்: பழுது பார்ப்பதா, புதிது போடுவதா, காயிலுக்கு மாறுவதா?

ஃபோர் வீல் டிரைவ் வண்டியில் ஏர் சஸ்பென்ஷன் (இரும்பு ஸ்பிரிங்குக்குப் பதில் காற்று நிரப்பிய ரப்பர் பைகள் வண்டியைத் தாங்கும் அமைப்பு) மக்கர் பண்ண ஆரம்பித்ததும் ஒருவர் காற்றை ஏற்றும் கம்ப்ரெஸரை மாற்று என்பார், இன்னொருவர் எல்லாவற்றையும் கழற்றி எறிந்துவிட்டுக் காயில் ஸ்பிரிங் போடு என்பார். காற்று எங்கே போகிறது என்று பார்க்காமல் இரண்டில் எதைச் செய்தாலும் காசு வீண்.

கம்ப்ரெஸர் பெரும்பாலும் தானாகக் கெடுவதில்லை. எங்கோ ஒரு பெல்லோஸில், அதாவது அந்த ரப்பர் பையில், மெல்லிய வெடிப்பு விழுந்து, அதை ஈடுகட்ட இது ஓயாமல் ஓடி, சூடாகி, பிஸ்டன் ரிங் தேய்ந்து கடைசியில் கைவிரிக்கிறது. கசிவை அப்படியே விட்டுப் புது கம்ப்ரெஸர் மாட்டினால் அதற்கும் இதே கதிதான்.

இரவு நிறுத்திய வண்டி காலையில் ஒரு மூலை மட்டும் இறங்கி நின்றால் அந்தச் சக்கரத்தின் பெல்லோஸ், அதற்குப் போகும் குழாய், காற்றைச் சக்கரங்களுக்குப் பிரித்துவிடும் வால்வு பிளாக், இந்த மூன்றில் ஒன்று. நாலும் சேர்ந்து இறங்கியிருந்தால் நாலும் போச்சு என்று பதற வேண்டாம். ரேஞ்ச் ரோவர், லேண்ட் ரோவர் டிஸ்கவரி 3 போன்ற வண்டிகள் நிறுத்திய பிறகும் அவ்வப்போது விழித்துக்கொண்டு, தாழ்ந்த மூலைக்குச் சமமாக மற்றதையும் இறக்கிவிடும். அதனால் சஸ்பென்ஷன் ஃப்யூஸைக் கழற்றிவிட்டு, சக்கர வளைவுகளின் உயரத்தைக் குறித்துவைத்து, ஓர் இரவு விட்டுப் பார்த்தால் உண்மையான குற்றவாளி தெரியும். அப்புறம் சோப்புத் தண்ணீர் அடித்துப் பார்ப்பது. இதைத் தாழ்ந்த உயரம், உயர்ந்த உயரம் இரண்டிலும் செய்ய வேண்டும், ஏனென்றால் ரப்பர் மடிப்பில் இருக்கும் வெடிப்பு ஓர் உயரத்தில் மூடிக்கொண்டு இன்னொன்றில் திறக்கும். ஆனால் கையையோ தலையையோ வளைவுக்குள் விடாமல், வெளியே நின்றே அடியுங்கள்.

பெல்லோஸ்தான் என்று தெரிந்தால், அதை மட்டும் மாற்றுவதா, பெல்லோஸும் ஷாக் அப்சார்பரும் ஒன்றாகச் சேர்ந்த முழு ஸ்ட்ரட்டா? பெல்லோஸும் ஷாக் அப்சார்பரும் தனித்தனியாக இருக்கும் பழைய அமைப்பில் யோசிக்கவே வேண்டாம், பெல்லோஸ் மட்டும் போதும். ஷாக் அப்சார்பரைச் சுற்றியே பெல்லோஸ் இருக்கும் வண்டியில், ஷாக்கும் அதே வயதுடையது என்றால் முழு ஸ்ட்ரட் போடுவதுதான் என் கணக்கில் லாபம், ஒரே வேலையை இரண்டு முறை செய்ய வேண்டியதில்லை. எதுவானாலும் ஒரே ஆக்சிலின் இரண்டு பக்கமும் சேர்த்து மாற்றுங்கள், ஒன்று வெடித்த வயதில் மற்றதும் வரிசையில்தான் நிற்கும்.

கம்ப்ரெஸருக்கு ரிப்பேர் கிட் மலிவு, வேலையும் கஷ்டமில்லை. ஆனால் சிலிண்டர் சுவரில் கீறல் விழுந்திருந்தாலோ மோட்டார் கருகிய வாடை அடித்தாலோ கிட் வாங்குவது வெட்டிச் செலவு. டிஸ்கவரி 3-இல் பழைய ஹிட்டாச்சி கம்பெனி கம்ப்ரெஸருக்குப் பதில் ஏஎம்கே கம்பெனியுடையதைப் போடுபவர்கள் பலர். நல்ல மாற்றுதான், ஆனால் வயரிங் அடாப்டரும் மென்பொருள் புதுப்பிப்பும் சேர்ந்தே வேண்டும். எந்த வழியில் போனாலும் ரிலேயையும் (கம்ப்ரெஸருக்கு மின்சாரம் கொடுத்து நிறுத்தும் சுவிட்ச்), காற்றை உலர்த்தும் ட்ரையரில் இருக்கும் ஈரம் உறிஞ்சும் மணிகளையும் மாற்றிவிடுங்கள். ரிலே ஒட்டிக்கொண்டால் கம்ப்ரெஸர் நிற்காமல் ஓடிப் பேட்டரியையும் காலி செய்யும். ஈரம் வால்வு பிளாக்குக்குப் போனால் துருவும், குளிரில் உறைதலும்.

காயில் மாற்றம் வண்டியைப் பொறுத்தது. 1994 முதல் 2002 வரை வந்த இரண்டாம் தலைமுறை ரேஞ்ச் ரோவருக்கு முன்னும் பின்னும் திட ஆக்சில் (இரு பக்கச் சக்கரங்களையும் இணைக்கும் ஒரே கட்டை), அதில் காயில் போட்டால் உயரத்தை மாற்றும் வசதியும் பாரத்துக்கேற்ப மட்டம் பிடிப்பதும் போகும், கரடுமுரடில் சக்கரம் ஏறி இறங்குவது பெரிதாகக் கெடாது. டிஸ்கவரி 3 வேறு சங்கதி. அதில் நாலும் தனித்தனி சஸ்பென்ஷன், கரடுமுரடான தடத்தில் இடவல பெல்லோஸை வால்வு வழியாக இணைத்து, ஒரு சக்கரம் ஏறும்போது எதிர்ச் சக்கரத்தை அழுத்தி இறக்குவதே ஏர் சஸ்பென்ஷன்தான். காயில் போட்டால் அந்த வித்தை போச்சு, சக்கரம் அந்தரத்தில் தொங்கும். தார் ரோட்டை விட்டு இறங்காதவருக்கு இது நஷ்டமில்லை. காடு மேடு போகவே இந்த வண்டி வாங்கியவருக்கு நான் சொல்ல மாட்டேன்.

காயில்தான் பாதுகாப்பு என்று சிலர் சொல்வதும் முழு உண்மை இல்லை. அழுத்திக் கட்டிய காயில் நழுவினால் ஆளைக் கொல்லும், ஸ்பிரிங்கை அழுத்திப் பிடிக்கும் நல்ல ஸ்பிரிங் கம்ப்ரெஸர் கருவி இல்லாமல் தொடாதீர்கள். ஏர் பக்கத்தில், காற்றைச் சேமிக்கும் டேங்கில் 10 பாரோ அதற்கு மேலோ அழுத்தம் இருக்கும், கார் டயரில் இருப்பதோ இரண்டரை பார் சுமார். அதனால் வேலைக்கு முன் வண்டி தானாக மட்டம் பிடிப்பதை நிறுத்திவிடுங்கள், இல்லாவிட்டால் ஜாக்கியில் நிற்கும்போதே வண்டி தன்னைச் சரிசெய்யப் பார்த்து நழுவும். சேசிஸைத் தரமான ஸ்டாண்டில் நிறுத்துங்கள், ஜாக்கியை நம்பியோ காற்றை நம்பியோ அடியில் போகாதீர்கள். ஸ்கேனர் கருவியால் காற்றை வெளியேற்றிய பிறகே குழாயைக் கழற்றுங்கள், பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு. குழாய் முனை கீறியிருந்தால் கொஞ்சம் நேராக வெட்டிவிட்டு மாட்டினால் திரும்பக் கசியாது.

மாட்டி முடித்ததும் உடனே முழு பாரத்தையும் இறக்கிவிடாதீர்கள். காலியான புது பெல்லோஸ் மேல் வண்டி உட்கார்ந்தால் ரப்பர் தப்பாக மடிந்து முதல் நாளே கிழியும். முதலில் கொஞ்சம் காற்று ஏற்றி, மடிப்பு சரியாக உருண்டிருக்கிறதா என்று பார்த்து, அப்புறம் மெதுவாக இறக்குங்கள்.