மண் மூடிய வீடு கட்டப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள்

"மண்ணே போர்வை சார், அதுக்கு மேல எதுக்கு இன்சுலேஷன்?" கான்ட்ராக்டர் சொன்ன முதல் வாக்கியமே இதுதான். அப்போதே எழுந்து வந்திருக்க வேண்டும். மூன்று பக்கச் சுவரும் கூரையும் மண்ணுக்குள், முகப்பு மட்டும் வெளியே தெரிகிற வீடு. மின்கட்டணம் பாதியாகும் என்றார். குடிவந்து இரண்டு குளிர்காலமும் ஒரு கோடையும் போய்விட்டன, பழைய சாதாரண வீட்டில் கட்டியதைவிட இப்போது கூடுதலாகக் கட்டிக்கொண்டிருக்கிறேன்.

அவர் சொன்னதில் பாதி உண்மை இருந்ததால்தான் ஏமாந்தேன். பகல் இரவு வெப்ப மாற்றம் மண்ணில் ஒரு மீட்டர் இறங்குவதற்குள் அடங்கிவிடும், பத்து மீட்டர் ஆழத்தில் வருடம் முழுக்க ஏறக்குறைய ஒரே வெப்பநிலை. சரிதான். ஆனால் என் கூரை மேல் இருப்பது அரை மீட்டர் மண். அதுவும் மண் வெப்பத்தைத் தேக்கி வைக்குமே தவிர, தடுப்பதில் படுமோசம். அரை மீட்டர் ஈர மண் தடுக்கிற வெப்பத்தை இரண்டு சென்டிமீட்டர் எக்ஸ்பிஎஸ் போர்டு (இன்சுலேஷனுக்குப் போடுகிற, தண்ணீர் குடிக்காத கெட்டி நுரைப் பலகை) தடுத்துவிடும். நனைந்த போர்வையை யாராவது போர்த்திக்கொள்வார்களா?

இதைப் பிறகு படித்துத் தெரிந்துகொண்டு நான் சண்டை போட்டதில், சுவர், கூரை எல்லாவற்றுக்கும் 10 சென்டிமீட்டர் எக்ஸ்பிஎஸ் என்று எஸ்டிமேட்டில் சேர்த்தார், பணமும் வாங்கினார். மண் மூடுகிற அன்று நான் வெளியூரில் இருந்தேன். திரும்பி வந்தபோது எல்லாம் மூடி, மேலே புல் கூட நட்டிருந்தார்கள்.

முதல் குளிர்காலம் ஹீட்டர் நிற்கவே இல்லை. கேட்டால், "சுத்தி இருக்கிற மண்ணு சூடாகணும், ஒரு வருஷம் ஆகும்" என்றார். இதிலும் பாதி உண்மை, புது வீட்டைச் சுற்றியுள்ள மண் பக்குவப்பட நாளாகும்தான். அந்த ஒரு வருடத்தோடு அவர் கொடுத்த வாரண்டியும் முடிகிறது என்பது எனக்கு உறைக்கவில்லை.

கோடையில் சுவர் வியர்த்தது. ஜன்னலைத் திறந்து வையுங்கள் என்றார், திறந்ததும் இன்னும் அதிகமாக வியர்த்தது. ஏனென்றால் 25 டிகிரியில் 70 சதவீத ஈரப்பதத்தோடு உள்ளே வரும் காற்று 19 டிகிரிக்குக் கீழே உள்ள எதைத் தொட்டாலும் தண்ணீராகிவிடும், என் சுவர் 17 டிகிரி. பீரோவுக்குப் பின்னால் பூஞ்சை, துணியெல்லாம் ஒரு வாடை, காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கிற டீஹியூமிடிஃபயர் ராத்திரி பகலாக ஓடியது. ஹீட்டர் ஓய்ந்த மாதங்களில் இது.

கடைசியில் வேறொரு பொறியாளரை வைத்து ஓரிடத்தில் தோண்டிப் பார்த்தோம். எக்ஸ்பிஎஸ் இல்லை. டிவி பெட்டிக்குள் வருமே, அந்த வெள்ளை மணித் தெர்மாக்கோல், பாதிச் சுவர் உயரத்துக்கு, கையில் பிழிந்தால் தண்ணீர் சொட்டியது. கூரையில் அதுவும் கிடையாது. முகப்பில் மண்ணைத் தாங்கும் பக்கச் சுவர், உள்ளிருந்து வெளியே ஒரே கான்கிரீட்டாக நீள்கிறது, வெப்பம் வெளியேற நாமே ரோடு போட்டுக் கொடுத்த மாதிரி.

எனவே, போர்டு ஒட்டி முடித்ததும் நீங்களோ உங்கள் பொறியாளரோ நேரில் நின்று, அடி முதல் கூரை விளிம்பு வரை படம் எடுக்காமல் ஒரு கூடை மண் கூடப் போட விடாதீர்கள். கூரையில் தண்ணீர் தேக்கிக் கசிவு பார்ப்பதும் அதற்கு முன்பே. பெரிய தவணையை அதுவரை கையில் வைத்திருங்கள். வாரண்டி இரண்டு குளிர்காலமாவது தாண்ட வேண்டும். "மண்ணு போதும்" என்று ஆரம்பிக்கிறவரிடம் மேற்கொண்டு பேசவே வேண்டாம்.

என் வீட்டில் இப்போது கூரை மண்ணை மட்டும் அள்ளிவிட்டு வாட்டர்ப்ரூஃபிங்குக்கு மேல் போர்டு போடப் போகிறோம். சுவருக்கு உள்பக்கமாக ஒட்டிவிடலாமே என்று கேட்டேன். ஒட்டினால் சுவர் வெப்பத்தைத் தேக்கி வைத்து வீட்டுக்கு உதவுவதும் போய்விடும், போர்டுக்குப் பின்னால் கண்ணில் படாமல் பூஞ்சை வளரும் என்று சொல்லிவிட்டார் பொறியாளர். அந்த மூன்று பக்கமும் தோண்டப் பணம் சேரும்வரை டீஹியூமிடிஃபயர் ஓடும்.